வேலியோரம் ஒரு படையல்

ஒரு சுதந்திர தினத்தன்று நாகலூர் பஸ்ஸில் என் பக்கத்தில் அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். மடியில் ஒரு தூக்குப்போசி. பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் மூடியைத் திறந்து, சாமைச் சோறு சிந்தவில்லையே என்று பார்த்துக்கொண்டார்.

"கொடியேத்தம் பார்க்கவா?" என்று கேட்டேன்.

"இல்லீங்க, எங்கப்பனுக்குப் படைக்கறதுக்கு. அவரைப் பொதைச்ச எடம் எஸ்டேட்டுக்குள்ள மாட்டிக்கிச்சுங்க."

"அதற்கு அமாவாசைதானே நாள்?"

"அமாவாசைக்கு, நான் வேலை செய்யற வேற எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டரு லீவு உடுவாருங்களா?" என்று சிரித்தார். "வருசத்துல இன்னிக்கு ஒரு நாளுதான் எங்களை உள்ள உடுவாங்க. வெள்ளைக்காரன் போன நாளுதானுங்க எங்க சனத்துக்கு அமாவாசை."

இருவரும் ஒரே நிறுத்தத்தில் இறங்கினோம். எஸ்டேட் கைமாறி விடுதியாகியிருந்தது அவருக்குத் தெரியாது. கேட்டில் மூவண்ண பலூன்கள் கட்டியிருந்தார்கள். காவலாளி அவர் சேலையில் ஒரு சின்னக் கொடியைக் குத்தினார், லட்டும் கொடுத்தார். ஆனால் உள்ளே விடவில்லை.

"அதெல்லாம் பழைய ஓனரோட போச்சுங்க ஆயா. உள்ள கெஸ்ட்டுங்க இருக்காங்க."

அந்த அம்மாள் கம்பிவேலியோரம் இலை விரித்துச் சோற்றை வைத்தார். காப்பிச் செடிகளைப் பார்த்து, "அப்பா, கேட்டைப் பூட்டிட்டாங்க. நீதான் கொஞ்சம் எறங்கி வரோணும்" என்று உரக்கக் கூப்பிட்டார்.

உள்ளே தேசிய கீதம் தொடங்கியதும் நானும் காவலாளியும் நிமிர்ந்து நின்றோம். அவர் குனிந்து, ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வேலிக்கம்பியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.