பிக்னிக்குக்குப் போன பேன்ட்

கண்ணுகளா, பேன்ட் போடுவதா வேட்டி கட்டுவதா என்று மூன்று நாள் யோசித்த ஆள் ஒருவர் உண்டென்றால் அது நான்தான்.

தலைச்சோலைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபது வருடம் பழம் பறித்தேன், மூட்டை சுமந்தேன். போன வருடம் என்னை ரைட்டர் ஆக்கினார்கள். யார் யார் வேலைக்கு வந்தார்கள் என்று நோட்டில் எழுதுகிற வேலை. சந்தோஷம்தான். ஆனால் அன்றிலிருந்து கூட வேலை செய்தவர்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்க ஆரம்பித்தார்கள். என்னோடு ஒரே தூக்குப்போசியில் சோறு தின்ற கூட்டாளிகூட, "வாங்க ரைட்டருங்க" என்று எழுந்துவிடுவான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

காப்பிப் பழம் பறித்து முடிந்ததும் எஸ்டேட்டில் பிக்னிக் வைப்பார்கள். மேலே புல்வெளியில் சமையல், பாட்டு, ஓட்டப்பந்தயம் எல்லாம் உண்டு. ஆபீஸ்காரர்கள் பேன்ட் சட்டையில் வருவார்கள். நான் பேன்ட் போட்டால் கூட்டாளிகள் இன்னும் தள்ளி நிற்பார்கள். லுங்கி கட்டினால் ஆபீஸ்காரர்கள் சிரிப்பார்கள். என்னதான் செய்வது?

"ஏனுங்க, கல்யாணப் பொண்ணுகூட இவ்வளவு நேரம் துணி பாக்கமாட்டாளுங்க" என்றாள் என் மனைவி.

மூன்றாவது படிக்கிற எங்கள் மகள் கட்டில்மேல் ஏறி நின்று தீர்ப்புச் சொன்னாள். வெள்ளை வேட்டிக்கு, "ஓட்டுக் கேக்க வந்தவராட்டம் இருக்கீங்கப்பா" என்றாள். கறுப்புச் சட்டையை எடுத்தேன்.

"ஐயோ, மலைக்குப் போறாப்ல இருக்குதுங்கப்பா."

"நாம இருக்கறதே மலைதானே சாமி!"

மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். கடைசியில் ஒண்டிக்கடை பஜாரில் வாங்கிய புதுப் பேன்ட்டும் நீலச் சட்டையும் என்று முடிவாயிற்று.

பிக்னிக் அன்று காலையில் சமையல் சாமான் ஏற்றிய டிராக்டரில் மனைவியும் மகளும் முன்னாலேயே போய்விட்டார்கள். நான் முகத்துக்குப் பவுடர் போட்டு, கதவைப் பூட்டி, காப்பிச் செடிகளுக்கு நடுவே பாடிக்கொண்டே ஏறினேன். சிங்கப்பூர் போகிறவன்கூட அப்படி மிதந்திருக்க மாட்டான்.

புல்வெளியை எட்டியதும் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பட்டுச்சேலையில் இருந்த ஒரு அக்கா கத்தினார்: "நாங்கெல்லாம் பட்டுல வந்திருக்கறோம், ரைட்டரு சாக்குல வந்திருக்காருங்கோ!"

குனிந்து பார்த்தேன். பேன்ட்டுக்கு மேலே கோணிச்சாக்கு!

பனிக்காலத்தில் செடிகளுக்குள் நடந்தால் இடுப்புக்குக் கீழே நனைந்துவிடும். அதனால் வேலைக்குப் போகும்போது இடுப்பைச் சுற்றிச் சாக்கைக் கட்டிக்கொள்வோம். எங்கள் வீட்டுக் கதவோரம் ஆணியில் அது தொங்கும். வெளியே கிளம்பினால் கை தானாகவே எடுத்துக் கட்டிவிடும். அன்றைக்கும் கட்டியிருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை!

மேனேஜருக்கு டீ புரையேறியது. மகள் அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

என் கூட்டாளி ஓடி வந்தான். "அட கூறு கெட்டவனே! லீவு நாள்லயும் பழம் பறிக்கக் கெளம்பிட்டியா?"

ஒரு வருடத்துக்குப் பிறகு 'கூறு கெட்டவனே'! எனக்குக் காதெல்லாம் குளிர்ந்துபோயிற்று. அவனே முடிச்சை அவிழ்த்து, சாக்கை ஈரப் புல்லில் விரித்து, முதல் ஆளாகச் சப்பணம் போட்டு உட்கார்ந்தான். நல்ல துணி நனையாமல் உட்கார எல்லாருக்கும் இடம் வேண்டியிருந்தது அல்லவா? பட்டுச்சேலை அக்கா ஒரு மூலையைப் பிடித்தார். ஆபீஸ் கிளார்க்கும், "கொஞ்சம் நகருங்க" என்று இடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்.

"ஏண்டா, அது என் சாக்குடா!" என்றேன்.

"அதுக்கென்ன இப்ப? வேணும்னா ஓரமா ஒண்டிக்க."

ஓரத்தில் ஒரு விரற்கடைகூட மிச்சமில்லை. புதுப் பேன்ட்டோடு புல்லிலேயே உட்கார்ந்தேன். பனி சில்லென்று ஏறியது. யாரும் எனக்காக எழுந்திருக்கவே இல்லை.