மலையிறங்கிய ஓர் ஓட்டு

1937 பிப்ரவரி. காலை ஆறு மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். சேந்தமங்கலம் ஏழு மைல், கட்டணம் இரண்டணா. அங்கிருந்து மாட்டுவண்டியில் காரவள்ளி அடிவாரம். அதற்கு மேல் அவரவர் கால்தான் வாகனம்.

சட்டசபைத் தேர்தலுக்கு இரண்டு நாள் இருந்தது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு நிறப் பெட்டி. மறைப்புக்குள் போய், பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். எங்கள் பக்கம் எங்கே திரும்பினாலும் மஞ்சள் பெட்டிப் பேச்சுதான். எதிரே நின்ற பச்சைப் பெட்டி வக்கீலுக்கு டெபாசிட் மிஞ்சினாலே பெரிது என்றார்கள். கொல்லிமலையிலும் தீர்வை கட்டும் பட்டாதாரர்களுக்கு ஓட்டு உண்டு. ஆனால் அவர்கள் இறங்கி வருவதே இல்லையாம். அவர்களை மஞ்சளுக்குத் திரட்டிவரும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஜெயிக்கப்போகிற பெட்டிக்கு என்னை எதற்கு மலையேற்றினார்கள் என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே ஏறினேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு அரியூர் நாட்டில் ஒரு சிற்றூரை அடைந்தேன். பள்ளத்து வயல்களில் நெல் அறுத்த தாள் நின்றது. வெயில் இருந்தும் காற்று குளிர்ந்தது. வெள்ளையன் என்ற குடியானவர் தம் வீட்டில் தங்கச் சொல்லி, கேழ்வரகுக் களியும் மொச்சைக் குழம்பும் போட்டார். அந்தப் பசிக்கு அது அமிர்தம்.

சாயங்காலம் ஊர் கூடியது. வந்த காரியத்தைச் சொன்னேன். ஊர்க்கவுண்டர் சுற்றிலும் பார்த்து, "மஞ்சளுக்கே போட்டரலாமுங்களா?" என்றார். யாரும் மறுக்கவில்லை.

"முடிஞ்சுதுங்க. அரியூர் நாடு மஞ்சளுக்குன்னு நீங்களே கீழ போயிச் சொல்லீருங்க."

அப்படிச் சொல்ல முடியாது, ஒவ்வொருவரும் வந்து போட வேண்டும் என்று விளக்கினேன். அவர் முகம் சுருங்கியது.

"எல்லாத்து முன்னாலயும் ஒத்துக்கிட்டமுங்க. அதுக்கப்பறமும் ஒருத்தன் மறைப்புக்குள்ள போறான்னா, ஒத்துக்காதவன்தானுங்க போவான்?"

முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் உறைத்தது. இவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்கள் கீழே பேசிக்கொண்டிருந்தோம். இவர்களோ வெற்றிலை போடுகிற நேரத்தில் தேர்தலையே நடத்தி முடித்துவிட்டார்கள்.

மறுநாள் காலை ஓடையில் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். வெள்ளையனின் மனைவி பூசாயி தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்துவிட்டு அருகில் வந்தார்.

"சாமி, எப்படியாச்சும் ஊரையே கூட்டிக்கிட்டுப் போயிருங்க."

காரணத்தையும் அவரே சொன்னார். மூங்கில் வெட்டினான் என்று அவர்கள் மகனைக் காட்டிலாகாக்காரர்கள் பிடித்துப்போனபோது, காசு வாங்காமல் வாதாடி மீட்டவர் பச்சைப் பெட்டி வக்கீல். அவருக்கே ஓட்டு என்று வெள்ளையன் வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"கூட்டத்துல இவரு வாயத் தொறக்கலீங்க. இப்பத் தனியா எறங்குனா எதுக்குன்னு ஊருக்கே தெரிஞ்சுருமுங்க. அப்பறம் எங்க காட்டுல கொத்த ஒருத்தரும் வரமாட்டாங்க. எல்லாரும் வந்தா, கூட்டத்தோட கூட்டமா இவரும் போட்டுருவாருங்க."

அங்கே ஒருவர் காட்டில் ஊரே சேர்ந்து வேலை செய்யும். பிறகு அடுத்தவர் காட்டுக்குப் போகும். ஊர் கைவிட்டால் சாமை விதைக்க முடியாது.

மஞ்சள் பெட்டிக்கு வந்த நான் பச்சைக்கு ஓட்டுத் தேடுவதா? கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தம்மாளை எனக்குப் பிடித்துப்போயிற்று. அன்று முழுவதும் வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஒருவரும் கீழே வர இசையவில்லை. "சொன்னது சொன்னதுதானுங்க" என்று எல்லாரும் கைநிறைய வாழைப்பழம் கொடுத்து அனுப்பினார்கள்.

தேர்தலன்று விடியற்காலை ஐந்து மணிக்கு வெள்ளையன் தோளில் வாழைத்தாரோடு நின்றார்.

"தார் விக்கப் போறன்னு ஊருல சொல்லியிருக்கறனுங்க."

இறங்கும்போது கேட்டேன்: "வக்கீல் தோத்துருவாருன்னு தெரியுமில்லீங்க?"

"தெரியுமுங்க. செயிக்கறவருக்கு என்னாட்டம் ஆளு எதுக்குங்க?"

பிற்பகல் இரண்டு மணிக்குச் சேந்தமங்கலம் ஓட்டுச்சாவடி. என்னோடு ஒரு மலைக்காரரைக் கண்டதும் எங்கள் தொண்டர்களுக்குத் தலைகால் புரியவில்லை. "மலையிலிருந்து மஞ்சளுக்கு ஓட்டு வந்துருச்சு!" என்று சாமந்தி மாலையை அவர் கழுத்தில் போட்டு உள்ளே அனுப்பிவிட்டார்கள். எனக்கு அப்பாடா என்றிருந்தது. மஞ்சள்காரர்கள் மாலை போட்ட செய்திதான் மலைக்குப் போகும், ஆள் தப்பித்தார்.

வெள்ளையன் வெளியே வந்தார். தொண்டர்கள் ஜே போட்டார்கள். அவர் மாலையைக் கழற்றி என் கையில் கொடுத்தார்.

"இது எனக்கு ஆகாதுங்க. நான் பச்சையிலதானுங்க போட்டேன்."

மிளகு விற்க வந்திருந்த மலைக்காரர்கள் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவரைக் கையைப் பிடித்து ஒரு புளியமரத்தடிக்கு இழுத்துப்போனேன்.

"சும்மா இருந்திருந்தா ஆருக்குந் தெரிஞ்சிருக்காதுங்களே!"

"போட்டது தப்பில்லீங்க. ஏமாத்தி மாலை வாங்கறதுதானுங்க தப்பு. அவங்க சொல்றதுக்குள்ள நானே போயி ஊருல சொல்லீர்றேன்."

"காட்டு வேலை?"

"நானும் பூசாயியும் கொத்துறமுங்க. முடிஞ்ச மட்டும்."

புறப்பட்டவர் நின்று கேட்டார்: "சாமி, நீங்க போட்டுட்டீங்களா?"

என் சாவடி நாமக்கல்லில். அடுத்த பஸ் சாயங்காலம்தான்; அது போய்ச் சேர்வதற்குள் கதவை அடைத்துவிடுவார்கள்.

"இல்லீங்க. மஞ்சள்தான் எப்படியும் செயிக்குதே, என் ஒண்ணு எதுக்குன்னு..." இழுத்தேன்.

மூன்று நாளில் முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்ப நீங்களும் எங்கூராட்டந்தானுங்க" என்று சொல்லிவிட்டு, காரவள்ளிப் பாதையில் வேகமாக நடந்தார்.