ஸ்டேஷன் ஸ்டாப்பிங்

நம்பாதவர்கள் சுடலைராஜின் போனை வாங்கிப் பார்க்கலாம். அந்த மெசேஜ் அனுப்பாமல் இன்னும் அப்படியே கிடக்கிறது. நடந்தது போன டிசம்பர், ஒரு வியாழக்கிழமை. ஸ்டேஷன் பெயர் மட்டும் வேண்டாம். சுற்றி ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

சுடலைராஜ் திருநெல்வேலிப் பக்கத்துக்காரன். எண்ணூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம். அன்று மதியம் அக்கா ராமசெல்வி போன் செய்தாள். அப்பா ஐசியூவில் மூன்று நாளாகக் கண் திறக்கவில்லை. இன்று ராத்திரி எழும்பூரில் ரயிலைப் பிடித்தால்தான் முகத்தைப் பார்க்கலாம் என்றாள்.

ரோடு முழுக்க டிரெய்லர் லாரிகள் நின்றன. லோக்கல் ரயிலில் போய்விடலாம் என்று ஷேர் ஆட்டோவில் ஏறி, ஸ்டேஷனில் இறக்கிவிடச் சொன்னான். சந்து சந்தாகப் புகுந்து போன டிரைவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"ஸ்டேஷன் வந்துச்சு மாமு. எறங்கிக்கோ."

மணி 6.04. படியேறினான். டிக்கெட் ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். பிளாட்பாரத்தில் இடுப்பளவு எருக்கஞ்செடி. பெயர்ப் பலகையில் எழுத்தே இல்லை. ஆனால் தண்டவாளம் பளபளவென்று இருந்தது. ரயில் ஓடுகிற தண்டவாளம்தான். அதை நம்பி நின்றான்.

போனை எடுத்தான். டைப் செய்ய நிதானம் இல்லை. மைக்கை அழுத்திப் பேசினான்.

"அக்கா, ஸ்டேஷனுக்கு வந்துட்டேன். அப்பாட்ட சொல்லு."

6.09. திரையில் எழுத்து ஓடியது.

அக்கா ஸ்டேஷனுக்கு வந்துட்டேன் அப்பாட்ட சொல்லு வண்டி வந்துகினு கீது

கடைசி மூன்று வார்த்தை அவன் சொன்னதில்லை. அவன் ஊரில் யாரும் அப்படிப் பேசுவதுமில்லை.

திரும்பிப் பார்த்தான். சிமென்ட் பெஞ்சு காலி.

மைக் இன்னும் அணையவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டான். ஒரு சத்தமும் இல்லை. எழுத்து மட்டும் ஓடியது...

நைனா ஏறட்டும் நீ ஏறாத

இந்தப் பக்கம் நைனா என்றால் அப்பா.

6.12.

தடக்... தடக்...

தண்டவாளத்தில் ஒன்றுமே இல்லை. பிரேக் கிறீச்சிட்டது. யாரோ அவன் தோளை உரசிக்கொண்டு முன்னால் போனார்கள். அப்பா தலைக்குத் தேய்க்கும் நல்லெண்ணெய் வாசனை.

"அப்பா... நில்லுங்கப்பா..."

ஓடினான்.

ஒரு கால் பிளாட்பார விளிம்பைத் தாண்டிவிட்டது...

பின்னாலிருந்து ஒரு கை சட்டையைப் பிடித்து இழுத்தது. கீழே டீக்கடை வைத்திருக்கும் திலீப். இவன் படியேறியதைப் பார்த்துப் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"இன்னா பண்றே நீ? இங்க வண்டி நின்னு பதினாறு வருசம் ஆவுது."

அவர் சொல்லித்தான் தெரிந்தது. பக்கத்துக் கம்பெனி ஆட்களுக்காகத் திறந்த ஸ்டேஷனாம் அது. ஷிப்ட் விட்டால் பிளாட்பாரத்தில் கால் வைக்க இடம் இருக்காதாம். கம்பெனி மூடியதும் ரயில்கள் நிற்காமல் போக ஆரம்பித்தன. ஸ்டேஷன் என்ற பெயர் மட்டும் ஷேர் ஆட்டோக்காரர்கள் வாயில் தங்கிவிட்டது. அந்தக் காலத்துச் சாயங்கால ஷிப்ட் வண்டி 6.12க்கு.

6.31க்கு அக்கா கூப்பிட்டாள். அப்பா போய்விட்டார். ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த நேரம் 6.12. போவதற்கு முன்னால் கண்ணைத் திறந்து, தெளிவாக ஒன்று சொன்னாராம். அக்கா அதைச் சொல்லிவிட்டு அவனையே கேட்டாள்.

"'வண்டி வந்துகினு கீது'ன்னு சொன்னாவ. ஏலே தம்பி, அது என்ன பேச்சு? அப்பா மெட்ராஸையே பாத்ததில்லையே..."