பேச்சுக்கு நடுவே இருந்தது

மெமரி கார்டில் பாட்டு ஏற்றிப் பிழைத்தவர்களுக்கு ஒன்று தெரியும்: வாடிக்கையாளருக்கு எப்போதும் இன்னும் பத்துப் பாட்டு வேண்டும், கார்டில் எப்போதும் இடம் இருக்காது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். அந்தக் கம்ப்யூட்டர் படிப்போடு விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய்த் திண்டிவனத்தில் பார்த்தது இந்த வேலைதான்.

கூடப் பாடியவர்

இது நான் சேருவதற்கு முன் நடந்தது. கடை ஓனர் அண்ணன் சொல்லித்தான் தெரியும். ஒரு லாரி டிரைவர், கடையில் இருக்கிற பாட்டெல்லாம் தன் சின்னக் கார்டில் அடங்க வேண்டும் என்றாராம். அண்ணனும் ஒவ்வொரு பாட்டையும் கால்வாசியாகச் சுருக்கி ஏற்றிவிட்டார். எம்பி3 என்பதே காது கவனிக்காததை விட்டுவிடுகிற ஏற்பாடு. அளவுக்கு மீறி அழுத்தினால் மிச்சமும் குழைந்து நெளியும்.

சில நாளில் டிரைவர் திரும்பி வந்து, கார்டைக் கையில் வைத்திருக்கவே பிடிக்காதவர் போல மேசையில் போட்டாராம். "அண்ணே, இத்த போட்டுக்கினு தனியா வண்டி ஓட்ட முடியல. எல்லாப் பாட்டுலயும் தண்ணிக்குள்ள இருந்து யாரோ கூடவே பாடிக்கினு வர்றாங்க."

பெயர் மாற்றம்

வானூர்ப் பக்கத்திலிருந்து ஆரோக்கியம்மா என்பவர் தன் தம்பியோடு வந்தார். அவர் மகன் வெளிநாட்டில் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இறந்துவிட்டான். அவன் கடைசியாகப் பேசியது அம்மாவின் போனில் பதிவாகியிருந்தது. அவன் நினைவாக நடக்கும் வருஷத் திருப்பலிக்கு வரும் சொந்தக்காரர்கள் அவன் குரலைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை. வீட்டு ஸ்பீக்கர் பெட்டியோ எம்பி3 மட்டும்தான் பாடும்; போன் பதிந்திருந்தது ஏஎம்ஆர் என்கிற வேறு வகை ஃபைல். தம்பி, ஃபைல் பெயரின் கடைசியில் எம்பி3 என்று மாற்றிப் பார்த்திருக்கிறார். பாடவில்லை.

போனின் திரை அணைந்து அணைந்து எரிந்தது. வேறு பிரதி கிடையாது. முதலில் பதிவைக் கம்ப்யூட்டருக்கு இறக்கிக்கொண்டேன். பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது என்று விளக்கினேன். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை: "ஞானஸ்நானத்துல பேர மாத்துனா ஆளே மாறிடுறான்னு சாமியார் சொல்றாரு, இந்தப் பொட்டி மட்டும் நம்ப மாட்டேங்குதே!"

உடனே வந்த பதில்

பேச்சுப் பதிவு எது வந்தாலும், நடுவே பேச்சில்லாத இடங்களை வெட்டிவிடுவது எங்கள் கடை வழக்கம். "காலி எடத்துக்கு எதுக்கும்மா மெமரி? ஜல்தியா முடி" என்பார் அண்ணன். அப்படியே செய்தேன். எதையும் அழிக்கப் பயப்படுகிறவள் என்பதால் மூலத்தைக் கம்ப்யூட்டரில் தனியாக வைத்திருந்தேன்.

ஆரோக்கியம்மா ஹெட்போனை மாட்டிக்கொண்டார். பதிவில் அவர் குரல் கேட்கிறது: "எப்படா வருவ?" அடுத்த நொடியே மகன்: "வர்றேம்மா." அவர் முகம் வெளுத்தது. மறுபடி போடச் சொன்னார். போட்டேன். ஹெட்போனைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "கொரலு அவனுதுதான் பாப்பா. ஆனா இது அவன் இல்ல. எப்ப வருவன்னு கேட்டா எம்புள்ள ஒடனே பதில் சொல்ல மாட்டான்."

மூச்சு

மூலத்தைப் போடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. யுபிஎஸ்ஸில் கம்ப்யூட்டர் மட்டும் ஓடியது. ஹெட்போனின் ஒரு பக்கத்தை அவர் காதிலும் மறுபக்கத்தை என் காதிலும் வைத்துக்கொண்டோம். "எப்படா வருவ?"

பதில் இல்லை. அந்த இடைவெளியில் மெல்லிய இரைச்சல் ஒன்று ஓடியது, யாரோ மிக அருகில் வந்து நிற்பதுபோல. எனக்குப் பிடரி சிலிர்த்தது. திரும்பிப் பார்க்கத் துணியவில்லை. ஆரோக்கியம்மா கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லுடா" என்று முணுமுணுத்தார். வெகுநேரம் கழித்து வந்தது: "வர்றேம்மா."

ஒன்றையும் வெட்டாமல் எம்பி3 ஆக்கிக் கொடுத்தேன். அதன்பின் ஒவ்வொரு வருஷத் திருப்பலிக்கு முன்பும் புதுக் கார்டோடு வருவார். மகன் பேசுவது சரியாகக் கேட்கிறதா என்று விசாரிக்கவே மாட்டார். கேட்பது ஒன்றுதான்: "அந்த மூச்சு இதுலயும் இருக்குதா, பாப்பா?"

இருக்கிறது என்றுதான் இன்றுவரை சொல்கிறேன், அதுவும் பொய்யில்லை. பிறகு படித்துச் சரிபார்த்ததில், போனில் ஒருவர் பேசாதபோது அவர் பக்கத்துச் சத்தம் பெரும்பாலும் அனுப்பப்படுவதே இல்லை என்றும், எதிரே இருப்பவர் போய்விட்டாரோ என்று நாம் பயந்துவிடக் கூடாதென்று நம் கையிலிருக்கும் போனே அந்த இரைச்சலை உண்டாக்கி நிரப்புகிறது என்றும் தெரிந்துகொண்டேன்.