கட்டைமேல் நின்ற லேத்

எங்கள் கல்லூரியில் வெளிநாட்டுப் பணத்தில் வாங்கிய லேத் மெஷின் ஒன்று உண்டு என்பதே எனக்கு இறுதியாண்டில்தான் தெரியும். அதுவரை அது கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில், தாளாளரின் மச்சான் கம்பெனியில் ஓடிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த பணம் என்ன ஆனது என்று பார்க்க அரசாங்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று தெரிந்ததும், அவர்கள் வருவதற்கு முந்தின நாள் லாரியில் கொண்டுவந்து இறக்கினார்கள். தரையில் போல்ட் போட நேரமில்லை. மரக்கட்டைகள்மேல் நிறுத்தினார்கள்.

"விருந்துக்குப் போன மெஷினு ஊட்டுக்கு வந்துக்கீதுடா" என்றான் பக்கத்தில் நின்ற வகுப்புத் தோழன். சிரித்தோம்.

வந்த இரண்டு அதிகாரிகளும் ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். தாளாளர் என்னைக் கூப்பிட்டார். அடுத்த மாதம் எனக்கு ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. ஷிப்ட் முழுக்க நின்றுகொண்டே செய்யும் வேலை. அப்பா உருக்காலையில் கான்ட்ராக்ட் கூலி, நெஞ்சு முழுக்கப் புகை. நான் வேலைக்குப் போனால்தான் அவர் வேலையிலிருந்து நிற்க முடியும்.

மெஷின் ஆடுகிறது, போல்ட் இல்லை என்றேன். அவர் என் காதருகில் குனிந்தார்.

"உன் ஃபீஸும் அந்த வெளிநாட்டுக் காசுதான்டா. அது நின்னா உங்கப்பன் வந்து கட்டுவானா? ஓட்டு."

ஓட்டினேன். வேகம் ஏற ஏற மெஷின் உதறியது. கட்டை நழுவி மொத்தமும் என்மேல் சாய்ந்தது. இடது பாதம் அடியில் சிக்கியது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது. யாரோ வயரைப் பிடுங்கினார்கள்.

தாளாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. "பையன் போதையில கீறான் சார், நான் வேணாம்னுதான் சொன்னேன்" என்று அதிகாரிகளிடம் சொன்னார்.

லேத்தில் இரும்பை இறுக்கும் சக் சாவி கைக்கு எட்டியது, எடுத்து அவர்மேல் எறிந்தேன். கனமான இரும்பு. அவர் வாயில் பட்டுப் பல் தெறித்தது. அவருடைய டிரைவர் ஓடிவந்து, கால் சிக்கிக் கிடந்த என்னை முகத்திலேயே மிதித்தான். என் வகுப்புத் தோழர்கள் இரும்புக் கம்பியால் அவன் முதுகைப் பிளந்தார்கள். தரையெல்லாம் எண்ணெயும் ரத்தமும். எழுந்தவன் வழுக்கி விழுந்தான், விழுந்தவனை மிதித்தார்கள்.

அடி ஓய்ந்ததும் அதிகாரி ஒருவர் கிட்டே வந்தார். என் காலை எடுக்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன்.

"மெஷின நிமித்துங்க. பின்னாடி நம்பர் இருக்கும், போட்டோ எடுக்கணும்."

நிமிர்த்தினார்கள். அதனால்தான் என் கால் வெளியே வந்தது. மெஷின் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

வேலை தருவதாகச் சொன்ன கம்பெனியின் மருத்துவப் பரிசோதனையில் என்னைக் கழித்துவிட்டார்கள். அப்பா இன்னும் ஷிப்ட்டுக்குப் போகிறார்.