பெட்டியில் பூட்டிய அங்குஸ்தான்

எழுபதுகளில் சுங்குவார்சத்திரத்துத் தையல்கடை ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சட்டைப் பொத்தான்களுக்குக் காஜா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தையல் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு டீச்சர் தந்த அங்குஸ்தான் ஒன்று என்னிடம் இருந்தது. ஊசி குத்தாமல் இருக்க நடுவிரலில் மாட்டிக்கொள்ளும் சின்னக் குப்பி. அதை மாட்டியது மொத்தமே இரண்டு நாள். பளபளப்பைப் பார்த்த அம்மா வெள்ளி என்றே முடிவுகட்டிவிட்டாள். வெறும் முலாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். கல்யாணத்துக்கு ஆகும் என்று டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சித்தப்பா கேட்டால் மட்டும் வெளியே வரும், மூக்குப்பொடி அளக்க. சித்தி அதில் குழந்தைக்கு விளக்கெண்ணெய் புகட்டினாள். என் விரலுக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லை.

வெறும் விரலால் ஊசியைத் தள்ளித் தள்ளி நுனி மரக்கட்டையாகக் காய்த்துப்போனது.

அந்தச் சமயத்தில் சேரப்பணஞ்சேரியிலிருந்து ஒரு வரன் வந்தது. அம்பத்தூரில் கம்பெனி வேலை, மடிப்புக் கலையாத பேண்ட். வல்லக்கோட்டை முருகன் கோயிலில் பெண் பார்த்தார்கள். எனக்கு அவரை ரொம்பவே பிடித்துவிட்டது, அதைச் சொல்ல என்ன வெட்கம்?

அவருடைய அத்தை என் கையைப் பிடித்துத் தடவினாள். நடுவிரலுக்கு வந்ததும் நின்றுவிட்டாள். அப்போது பெருவியாதி, அதாவது குஷ்டம், இருக்கிறதா என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் ஊர் ஊராக வந்து, தோல் மரத்திருக்கிறதா என ஊசியால் குத்திச் சோதிப்பார்கள். நாலு தடவை அதை வேடிக்கை பார்த்தவர்களெல்லாம் அரை டாக்டர்கள். அத்தை தன் ஜாக்கெட்டிலிருந்து சேஃப்டி பின்னைக் கழற்றிக் குத்தியிருக்கிறாள். நான் மாப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் தெரியவில்லை. விபூதிகூட வாங்காமல் கிளம்பிவிட்டார்கள்.

அம்மா அழுதுகொண்டே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். கை முழுக்கச் சோதித்த டாக்டர், வியாதியெல்லாம் இல்லை, வெறும் காய்ப்பு என்று சீட்டு எழுதினார். அங்குஸ்தான் போட்டுக்கொள்ளக் கூடாதா என்று திட்டினார். அம்மா சுவரைப் பார்த்தாள்.

சீட்டைக் காட்டியதும் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கே. அத்தை சேஃப்டி பின்னோடுதான் வந்திருந்தாள். எதற்கும் இன்னொரு தடவை பார்த்துவிடலாமாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குத்துங்க. ஆனா மொதல்ல உங்க வீட்டுப் புள்ளைய வெரல நீட்டச் சொல்லுங்க, நானும் குத்திப் பாத்துக்கறேன்" என்றேன்.

மாப்பிள்ளை சிரிப்பார், கையை நீட்டுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன். அவர் இரண்டு கைகளையும் பேண்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டு அத்தையைப் பார்த்தார்.

அப்போது வலித்தது.