மலாயாவிலிருந்து வந்த துரும்பு

1. சீல் மட்டும் போதுமா?

ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வருவதற்கு முந்தைய காலம். தருமபுரியில் ஒரு வக்கீலிடம் நான் குமாஸ்தா. அப்போது எங்கள் பக்கம் இந்துக்களுக்கு விவாகரத்துச் சட்டம் கிடையாது. ஆனால் சில சாதிகளில் வழக்கப்படி தீர்த்துக்கொள்ளலாம். பஞ்சாயத்தின் முன் புருஷன் ஒரு வைக்கோல் துரும்பை ஒடித்துப் போட்டால் முடிந்தது.

கடத்தூர்ப் பக்கத்துக் குப்பம்மாவின் புருஷன் மலாயா ரப்பர் தோட்டத்துக்குப் போய், அங்கே வேறொருத்தியோடு குடும்பமாகிவிட்டான். இவள்தான் அவனை விரட்டினாள் என்று ஊரில் பேச்சு. இவளைக் கட்டிக்கொள்ள அரூர்க்காரர் ஒருவர் தயாராக இருந்தார். பழைய உறவு தீராமல் ஊர் விடாது.

வக்கீல் இங்கிலீஷில் விடுதலைப் பத்திரம் டிராஃப்ட் செய்தார். நான் டைப் அடித்து அனுப்பினேன். மலாயா மாஜிஸ்திரேட் முன்னால் அவன் கையெழுத்துப் போட்டு, சீலோடு திரும்பி வந்தது. பெருமை தாங்காமல் நானே ஊருக்கு எடுத்துப் போனேன்.

ஊர்க்கவுண்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சீலு நல்லாத்தான் இருக்குதுங்க. துரும்பு எங்கீங்க?"

"வெள்ளைக்கார மாஜிஸ்திரேட்டே ஒத்துக்கிட்டாருங்களே!"

"ஒத்துக்கட்டுங்க. பொண்ணு குடியிருக்கப் போறது எங்க நடுவுலதானுங்களே."

திண்ணையில் உட்கார்ந்திருந்த குப்பம்மா எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

2. ஒட்டிய துரும்பு

வக்கீல் திட்டுவார் என்று பயந்தேன். அவரோ விழுந்து விழுந்து சிரித்தார். "நியாயந்தானேய்யா! துரும்பை ஒடிச்சு, பத்திரத்துலயே ஒட்டி அனுப்பச் சொல்லு." அப்படிப்பட்ட மனுஷரிடம் வேலை பார்த்தது என் பாக்கியம்.

அப்படியே மறுபடி அனுப்பினேன். அவன் வேலை பார்த்த தோட்டத்துக் கிளார்க் ஒரு தமிழர். ரப்பர் தோட்டத்தில் வைக்கோலுக்கு எங்கே போவார்? ஒரு புல் தண்டைத் தேடி அவன் கையில் கொடுத்து, சாட்சிகள் முன் ஒடிக்கவைத்து, இரண்டு துண்டையும் தாளில் ஒட்டி, அதன்மேல் மாஜிஸ்திரேட் சீலும் வாங்கிவிட்டார். அந்தத் துரை என்ன நினைத்தாரோ! அடியில், நாங்கள் கேட்காமலே, கிளார்க் தன் கையால் தமிழில் எழுதிய ஒரு வரி: 'அவள்மேல் குற்றம் இல்லை, நான்தான் விட்டுவந்தேன் என்று இவர் சொல்லக் கேட்டு எழுதினேன்.'

மறுபடி ஊருக்கு எடுத்துப் போனேன். கவுண்டர் துரும்பைத் தொட்டுப் பார்த்துத் தலையாட்டினார். குப்பம்மா துரும்பைப் பார்க்கவே இல்லை. "அந்தக் கடேசி வரிய இன்னொருக்கா படிங்க. எல்லாருக்கும் கேக்கட்டும்" என்றாள்.

அன்றுமுதல், தாளை டைப்ரைட்டரில் செருகுமுன் கட்சிக்காரரிடம், "இதுல என்ன இருந்தா உங்க மனசு ஆறும்?" என்று கேட்கப் பழகினேன். இளம் குமாஸ்தாக்களே, நீங்களும் கேளுங்கள்.

அந்தக் கிளார்க்குக்கு நன்றி எழுதினேன். அதற்குள் யுத்தம் வந்து, தபால் போகாமல் திரும்பிவிட்டது. அவர் முகம்கூட எனக்குத் தெரியாது. ஐயா, எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.